பதினாலாவது கேள்வி

இல்லம்மா, அந்தக் கேள்விய நீ படிக்கவே வேணாம், எனக்கு மனப்பாடம். இந்த ஏரி இல்லாமப் போனா, அந்த இழப்ப ஈடுகட்ட உங்க குடும்பத்துக்கு எவ்வளவு தொகை தந்தா போதும்? அதானே? எழுதினவளே நான்தான். நாலு வருஷம் முன்னாடி இதே தெருவுல, உன்ன மாதிரியே அட்டையில காகிதத்த வச்சுக்கிட்டு, கதவு கதவாத் தட்டினேன்.

உக்காரு. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இப்படி வா. குடும்பத் தலைவர்கிட்டதான் கேக்கணும்னு சொல்லி அனுப்பியிருப்பாங்க, தெரியும். அப்பா உள்ள இருக்காரு. நான் பதில் சொல்றேன். மெதுவா மட்டும் பேசு.

டாக்டரா? ஐயோ, அப்படியெல்லாம் கூப்பிடாத தங்கச்சி. சுற்றுச்சூழல் பொருளாதாரத்துல பட்டம் வாங்கிட்டு வந்தன்னைக்கு எதிர்வீட்டு அக்கா முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டாங்க. நான் ஏரிக்கு விலை சொல்ற டாக்டரு, அக்கான்னேன். அப்ப வாங்கறதுக்கு ஆள் வந்தாச்சான்னு கேட்டாங்க. அன்னைக்கு சிரிச்சேன்.

ஏம்மா, விலையே கிடையாதுன்னு யாராவது சொன்னா தனிக் கட்டத்துல டிக் பண்ணுன்னு சார் உனக்கும் சொன்னாரா? எனக்கும் அதே மனுஷன்தான் கைடு. நான் நானூறு வீடு கேட்டேன். அறுபத்தி மூணு பேர் விலை கிடையாதுன்னாங்க. கோவமாக்கூட இல்ல, மணி கேட்டா சொல்ற மாதிரி. அந்த அறுபத்தி மூணையும் எடுத்துடும்மா, அவங்களுக்குக் கேள்வி புரியலன்னாரு சார். புரிஞ்சதாலதான் அப்படிச் சொல்றாங்கன்னேன். மூணு நாள் சண்டை. என் வாயப் பத்தித்தான் டிபார்ட்மெண்டுக்கே தெரியுமே. கடைசியில அவரு குரலே உசத்தாமக் கேட்டாரு: விலையே இல்லன்னா எதைக் கூட்டி எதால வகுப்ப?

ராத்திரியெல்லாம் வேற வேற விதமா வகுத்துப் பாத்தேன், கணக்கு நிக்கல. உதவித்தொகை வேற அந்த மாசத்தோட முடியுது. அறுபத்தி மூணு வரிசையையும் மொத்தமா செலக்ட் பண்ணி ஒரே ஒரு பட்டன். அவ்வளவுதான். அப்புறம் கேன்டீன் போய் டீ குடிச்சேன். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூர்லேருந்து வந்த மேடம், தரவு ரொம்பச் சுத்தமா இருக்குன்னு பாராட்டினாங்க.

ஆமா, அதேதான். மிச்சம் இருந்தவங்களோட சராசரிதான் இப்ப அரசாங்கம் ஏரிய மூடற ஃபைல்ல இணைப்பா இருக்கு. ஒருத்தர்கூட மறுக்கலன்னு அடியில ஒரு அதிகாரி எழுதியிருக்கான். பொய்யின்னும் சொல்ல முடியாது பாரு. மறுத்தவங்கதான் அட்டவணையிலயே இல்லையே.

அது தப்புன்னு எழுதிக் கொடுக்காம இருப்பேனா? டீனுக்கு, துறைச் செயலருக்கு, பத்திரிகைக்கு. உங்க கையெழுத்து போட்ட ஆய்வுதானே மேடம்னு ஒரே பதில். வேலைக்கு இன்டர்வியூ போனா அந்த ஒரு கட்டுரையத்தான் புகழ்றாங்க. அது தப்புன்னு நான் ஆரம்பிச்சதும் மூஞ்சி மாறிடுது. ரெண்டு வருஷமா வீட்லதான் இருக்கேன்.

லாரி சத்தம் உனக்குப் புதுசு. எங்களுக்குப் பழகிடுச்சு. அந்தக் கரையிலேருந்து பாதி ஏரிக்கு மண்ணு வந்தாச்சு. ஏரியோட இந்தத் தெருவும் போகுது.

மாற்று வீடு பத்தி இன்னொரு தடவ சொல்லு. ம். இந்தச் சுத்து சர்வேயில தொகை சொன்னவங்களுக்கு மட்டும்தான் பட்டியல்ல இடம். இன்னைக்குக் கடைசி நாள். விலை கிடையாதுன்னு சொன்னா வீடும் கிடையாது. எவன் யோசிச்சானோ, கெட்டிக்காரன்.

சரி, எழுதிக்கோ. சம்மதம். தொகையா? அந்தச் சராசரியவே போடு. கூடப் போட்டா திருப்பி அனுப்புவாங்க, அந்த விதியும் நான் எழுதினதுதான்.

வேணாம்மா, அப்பாவக் கூப்பிடாத. கையெழுத்த நானே அவரு பேருல போடறேன். இல்ல, உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. அந்த அறுபத்தி மூணுல அவரும் ஒருத்தரு. அழிச்சத நான் அவருகிட்ட இன்னும் சொல்லல. தன்னோட பதில் மேலிடத்துல இருக்கு, படிச்சதும் லாரிய நிறுத்திடுவாங்கன்னு தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்காரு.

பேனாவக் குடு.