அமைச்சர் வீட்டு மேசையில் இருந்த கெண்டை மீன்

பெயர் விதோசாவா லலாத்தொவிச். வயது 54. கணவர் மிலுன், காலமாகிவிட்டார். தொழில் சமையல். விலாசம்: துப்ராவெட்ஸ் நகரம், தோல்காரர் தெரு, கதவு எண் 14. மேற்படி சாட்சி 2006 அக்டோபர் 17, செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்குத் தானாக முன்வந்து, வாக்குமூலம் எழுதும் அலுவலர் முன் ஆஜராகி, பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று எச்சரிக்கப்பட்ட பின் சொன்னதாவது:

நான் மேற்படி விலாசத்தில் தனியாகக் குடியிருக்கிறேன். கூடப்பிறந்தவன் ஒரே தம்பி, பெயர் ஒப்ராத், வயது 41. போலீஸ் சிறப்புப் படையில் சார்ஜண்டாக இருந்தான். காமெனாட்ஸ் கல்குவாரியில் நான்கு பேரைச் சுட்டுக் கொன்ற வழக்கில், மேலதிகாரி உத்தரவு இல்லாமல் தானாகவே சுட்டான் என்று தீர்ப்பாகி, இருபது வருடத் தண்டனையில் இருக்கிறான். அவனுடைய மேல்முறையீடு வருகிற 30ஆம் தேதி விசாரணைக்கு வருகிறது. புதிய சாட்சியம் இல்லையென்றால் அன்றைக்கே வழக்கை மூடிவிடுவார்கள், சுடச் சொன்னவர் பெயர் எந்தக் காகிதத்திலும் வராமல் போய்விடும். அதனால் வந்தேன்.

சுடச் சொன்னவர் முன்னாள் உள்துறை அமைச்சர் ஸ்பாசோயே திரென்கிச். இந்த வரிக்கு முன்னால் "சாட்சியின் கருத்துப்படி" என்று சேர்க்கலாமா என்று அலுவலர் கேட்டார். சேர்க்கக் கூடாது என்று சொன்னேன். என் கருத்தை யார் கேட்டது, நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

1994ஆம் வருடம் முதல் ஒன்பது வருடம் நான் அவர் வீட்டில் சமையல் வேலை பார்த்தேன். நான் சேர்ந்தபோது அவர் எங்கள் நகரத்துப் போலீஸ் தலைவர். அதற்கு முன்னால் குத்துச்சண்டை கிளப் நடத்திக்கொண்டிருந்தார். எல்லையில் சிகரெட் லாரிகளை விட்டுவிட்டார் என்று முதல் கமிஷன் போட்டார்கள், சாட்சி சொல்ல இருந்த சுங்க அதிகாரி பால்கனியிலிருந்து விழுந்து செத்துப்போனார், அதன் பிறகு இவர் துணை அமைச்சர் ஆனார். ஒரு செய்தியாளரின் தாடையை உடைத்தார் என்று இரண்டாவது கமிஷன் போட்டார்கள், படியில் வழுக்கி விழுந்ததாக அந்தச் செய்தியாளரே எழுதிக் கொடுத்தார், அதன் பிறகு இவர் அமைச்சர் ஆனார். ஒவ்வொரு தடவையும் தோல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சியில் வந்து பேசுவார், சனங்கள் கைதட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது கமிஷன் இந்தக் குவாரிக்காகப் போட்டது. இப்போது அவர் ஜனாதிபதி தேர்தலுக்கு நிற்கிறார்.

2002 நவம்பர் 21, வியாழக்கிழமை. அதிதூதர் மிக்கேல் திருநாள். திரென்கிச் குடும்பத்தின் காவல் புனிதர் அவர், அவர்களுடைய ஸ்லாவா விருந்து அன்றுதான். ஸ்லாவா அன்று வீட்டுக்காரர் வாசலைத் தாண்ட மாட்டார், உட்காரவும் மாட்டார், வருகிறவர்களை நின்றுகொண்டே கவனிப்பார். பங்குச் சாமியார் வந்து அவரோடு சேர்ந்து புனித ரொட்டியை வெட்டுவார். அழைப்பு கிடையாது, வருகிறவர் வரலாம். அமைச்சர் வீடென்றால் கேட்கவே வேண்டாம், காலை பத்து மணிக்கே முப்பது பேர் வந்துவிட்டார்கள். எதிர் பேக்கரி அடுப்பில் விடியற்காலையிலேயே இரண்டு பன்றிக்குட்டிகளை வேகக் கொடுத்திருந்தோம். பேக்கரிக்காரர் இன்னும் உயிரோடு இருக்கிறார், அவரை விசாரிக்கலாம்.

பதினோரு மணி அளவில் அமைச்சருக்குத் தொலைபேசி வந்தது. அவர் சமையலறைக்குள் வந்துதான் பேசினார், நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். குவாரித் தொழிலாளர்கள் சம்பளம் கேட்டுக் குவாரி வாசலில் நெடுஞ்சாலையை மறித்து மூன்று நாள் ஆகியிருந்தது. "இன்னுமா கிளப்பல? எதுக்குடா உங்களுக்கெல்லாம் சட்டை தொப்பி? நானே வரேன்" என்றார். அவர் மனைவி தெசாங்கா அம்மா குறுக்கே வந்து, "மெழுகுவத்தி எரியுது, சாமியார் வர்ற நேரம், நீங்க வெளிய போனா வீட்டுக்கு ஆகாதுங்க" என்று சொன்னார். "ஒரு மணி நேரத்துல வந்துடறேன், அதுக்குள்ள உன் அதிதூதர் எங்கயும் பறந்து போயிட மாட்டார்" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகக் காரில் ஏறிப் போனார்.

அதன் பின்னர் பங்குச் சாமியார் வார்னவா வந்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் இல்லாமல் ரொட்டியை வெட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் போன வருடம் இறந்துபோனார்.

மாலை ஐந்து மணிக்கு அமைச்சர் திரும்பி வந்தார். காலணி முழுவதும் வெள்ளைக் கல்தூள். அதை நான்தான் ஈரத்துணியால் துடைத்தேன். அவரோடு என் தம்பி ஒப்ராத்தும் வந்திருந்தான். அமைச்சர் நேராகக் கூடத்துக்குப் போய், "மன்னிச்சுக்கோங்கப்பா, நாட்டு வேலை" என்று சொல்லி எல்லோருக்கும் ராக்கியா சாராயம் ஊற்றினார். என் தம்பி சமையலறையில் நின்றான். ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தேன், அவனால் பிடிக்க முடியவில்லை, கொட்டிவிட்டான். என்னடா என்று கேட்டேன்.

"கல்லு எறிஞ்சாங்கக்கா. அவர் என் பக்கத்துல வந்து நின்னு, என்னடா வேடிக்கை பாக்குற, போடுன்னாரு. கால்லயா ஐயான்னு கேட்டேன். எங்கயோ போடு, என் வீட்ல விருந்தாளிங்க காத்துட்டிருக்காங்கன்னாரு."

இவை என் தம்பி சொன்ன வார்த்தைகள். அப்போது கூடத்தில் அமைச்சர் பன்றிக்கறி வெட்டிப் பரிமாறிக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் செய்யவில்லை. தரையைத் துடைத்துவிட்டு ஊறுகாய்த் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன்.

அதற்கு அடுத்த வாரம் கமிஷன் போட்டார்கள். அன்று எங்கே இருந்தீர்கள் என்று கேட்டதற்கு, "ஸ்லாவா அன்று எவனாவது வீட்டை விட்டுப் போவானா?" என்று அமைச்சர் திருப்பிக் கேட்டாராம், அங்கே இருந்தவர்கள் சிரித்தார்களாம். இருந்தாலும் ஆதாரம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நவம்பர் 30, சனிக்கிழமை தெசாங்கா அம்மா என்னைக் கூப்பிட்டு, "நாளைக்கு ஸ்லாவா அன்னைக்கு செஞ்ச மாதிரியே எல்லாத்தையும் செஞ்சிடு, போட்டோ எடுக்க வராங்க" என்றார். சரி என்றேன்.

டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை, அதே மேசை விரிப்பைத் துவைத்துப் போட்டோம். முத்திரை குத்திய ரொட்டி புதிதாகச் சுட்டேன். மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். சொந்தக்காரர்கள் பத்துப் பேர் ஸ்லாவா அன்று போட்டிருந்த அதே உடையில் வந்தார்கள். சாமியார் மட்டும் வர மறுத்துவிட்டதால் அமைச்சர் ரொட்டியைத் தனியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். போலீஸ் போட்டோகிராபர் படம் எடுத்தார். படத்தின் பின்னால் நவம்பர் 21 என்று எழுதிவிடுவதாக அவரே சொன்னார்.

மேசையில் நான் வைத்தது கெண்டை மீனும், அவரைக்காய் விதைக் குழம்பும், எண்ணெயில் வதக்கிய மிளகாயும். பாலாடைக்கட்டி இல்லை, முட்டை இல்லை, கறி இல்லை. ஏனென்றால் நவம்பர் 28ஆம் தேதி கிறிஸ்துமஸ் நோன்பு தொடங்கிவிட்டது. நோன்பில் எங்கள் ஊரில் எந்த வீட்டு மேசையிலும் கறி ஏறாது, ஞாயிற்றுக்கிழமை மீன் மட்டும் உண்டு. என்னிடம் யாரும் மீன் வை என்று சொல்லவில்லை. நானும் யோசித்துச் செய்யவில்லை, கை பழக்கத்தில் செய்தேன். பதினோரு பேர் அந்த மேசையைச் சுற்றி நின்றார்கள், ஒருத்தருக்கும் அது கண்ணை உறுத்தவில்லை. நான்கு பேரைக் கொன்றதை மறைக்கக் கூடியவர்கள், படம் எடுத்து முடித்ததும் நோன்புச் சாப்பாட்டுக்குச் சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்து முள்ளை எடுத்துச் சாப்பிட்டார்கள். கமிஷனில் இருந்த நீதிபதிகளும் நம் சனம்தான். நவம்பர் 21 வியாழக்கிழமை, கறி நாள் என்று அவர்களுக்குத் தெரியாதா? பார்த்தும் பார்க்காமல் இருந்தார்களா, பார்க்கவே இல்லையா என்று எனக்குத் தெரியாது. அவர்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள்.

டிசம்பர் 5ஆம் தேதி அமைச்சர் சமையலறைக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒன்பது வருடத்தில் அவர் அங்கே உட்கார்ந்தது அது ஒரு தடவைதான். "விதோசாவா, ஒப்ராத் எனக்குத் தம்பி மாதிரி. நான் அமைச்சரா இருந்தாத்தான் அவனைக் காப்பாத்த முடியும். நான் வீட்ல இருந்தேன்னு நீ ஒரு கையெழுத்து போடு. அவனுக்கு ரெண்டு வருஷம், மிஞ்சிப்போனா மூணு. வெளிய வந்ததும் என்கூட வச்சுக்கறேன்" என்றார். நான் நம்பினேன். மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டேன். அமைச்சர் நவம்பர் 21 அன்று முழுவதும் வீட்டில் இருந்தார் என்றும், மேற்படி படம் அன்று எடுத்தது என்றும் நான் கொடுத்த அந்த வாக்குமூலம் பொய். அதை இதன் மூலம் வாபஸ் வாங்குகிறேன்.

என் தம்பிக்கு இருபது வருடம் கிடைத்தது. தீர்ப்பு வந்த அன்று அமைச்சர் தொலைக்காட்சியில், "என் போலீசில் ஒரு வெறிநாய் புகுந்துவிட்டது, அதைக் கட்டிப்போட்டுவிட்டோம்" என்றார். நான் அன்றைக்கே கத்தியையும் ஏப்ரனையும் சமையல் மேடையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. என்னையும் உள்ளே போடுவார்கள் என்ற பயம். கையெழுத்துப் போட்டதிலிருந்து நான்கு வருடம் அந்தப் பயத்தோடு சோறு தின்றிருக்கிறேன், த்தூ. அலுவலர் கடைசிச் சொல்லை எழுதாமல் நிறுத்தினார். எழுதச் சொன்னேன்.

இந்த மாதம் 9ஆம் தேதி மேல்முறையீட்டு வக்கீலம்மா என் வீட்டுக்கு வந்து கோப்பிலிருந்த படத்தைக் காட்டி, இது எந்தத் தேதியில் எடுத்தது என்று கேட்டார். அதுவரை அந்தப் படத்தை நான் பார்த்ததே இல்லை. பார்த்தவுடன் மீன்தான் கண்ணில் பட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அப்படியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வக்கீலம்மா பயந்து தண்ணீர் கொண்டுவந்தார்.

12ஆம் தேதி சிறைக்குப் போய்த் தம்பியிடம் சொன்னேன். "வேண்டாம்க்கா, உன்னையும் உள்ள வச்சிட்டா எனக்கு மாசா மாசம் சாப்பாடு யார் கொண்டுவருவா?" என்றான். "மூதேவி, உனக்கு இப்பவும் சோறுதான் பெருசா?" என்று கத்தினேன், காவலர் திரும்பிப் பார்த்தார். அதன் பிறகு தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "அவர் ஜனாதிபதி ஆனா என்னை விட்டுடுவாருன்னு சொல்லி அனுப்பியிருக்காரு" என்றான். நாற்பத்தொரு வயது ஆண்பிள்ளை. இன்னும் நம்புகிறான்.

14ஆம் தேதி, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அமைச்சரே எனக்குத் தொலைபேசியில் பேசினார். அப்போது பக்கத்து வீட்டு யெர்மினா சர்க்கரை கேட்டு வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், அவளும் கேட்டாள். பேசியது பின்வருமாறு.

"வக்கீல் வந்தாளாமே. ஞாபகம் இல்லன்னு சொல்லிடு."

"மீன் இருக்கே ஐயா படத்துல."

"எல்லாம் உன்னாலதான்டி! பன்னிய வச்சிருக்க வேண்டியதுதானே? நோன்பு நோன்புன்னு மீன ஆக்கி என் கழுத்தறுத்துட்ட!"

"நீங்களும்தான் ரெண்டு துண்டு வாங்கித் தின்னீங்க. அப்ப எங்க போச்சு உங்க கண்ணு?"

"உனக்கு அஞ்சு வருஷம் வாங்கித் தருவேன், தெரியும்ல?"

"தாங்க. என் தம்பிக்கு இருவது வாங்கித் தந்தீங்க, எனக்கு அஞ்சுதானா?"

அவர் வைத்துவிட்டார். மேற்படி யெர்மினா சாட்சி சொல்ல வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

முந்தைய வாக்குமூலம் பொய் என்று ஒப்புக்கொண்டால் என் மேல் வழக்கு வரும் என்று அலுவலர் இரண்டு தடவை சொன்னார். தெரியும். துணிமணி எடுத்துத்தான் வந்திருக்கிறேன், பை வெளியே பெஞ்சில் இருக்கிறது.

என் தம்பியை விட்டுவிடச் சொல்லி நான் எங்கேயும் கேட்கவில்லை, கேட்டதாக எழுதவும் வேண்டாம். அவன் சுட்டான். அந்த விரல் அவனுடையது. அவன் இருக்கிற இடத்தில் இருக்கட்டும். போடு என்று சொன்ன ஆளை அவன் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வையுங்கள்.

நான் முன்பு கையெழுத்துப் போட்ட காகிதத்தில் இறந்தவர்களைக் "கலகக்காரர்கள் நால்வர்" என்று போட்டிருந்தது. நான் போவதற்கு முன்னாலேயே அது டைப் ஆகி இருந்தது, கையெழுத்துப் போடும் கோட்டை மட்டும் விரலால் காட்டினார்கள். இதில் அவர்கள் பெயரை எழுத வேண்டும் என்று கேட்டேன், வழக்கு எண் போதும் என்றார் அலுவலர். பெயர் இல்லையென்றால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிப் பேனாவை மேசையில் வைத்துவிட்டேன். கால் மணி நேரத்துக்குப் பிறகு எழுதினார்: சாவா மிர்கோவ், வயது 47. அவருடைய அண்ணன் தானிலோ மிர்கோவ், வயது 50. இல்மி பெரிஷா, வயது 33. கோஸ்தா வெலெவ், வயது 19, வேலைக்குச் சேர்ந்து பதினோரு நாள்.

மேலே உள்ளது முழுவதையும் எனக்கு நிதானமாகப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் சொல்லிக் கொடுத்துச் சொல்லவில்லை.

(ஒப்பம்) விதோசாவா லலாத்தொவிச்