பெரியாயி சொன்னது

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று உம்மா சலித்துக்கொள்வார். பதுளைக் கடைத்தெருவில் வளர்ந்தவள் நான். தமிழும் சிங்களமும் தண்ணீர்பட்ட பாடு.

ஊவா மலையில் ஓர் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். அங்கே விபத்துப் பிரிவில் தாதி. தேயிலைத் தோட்டத்துச் சனம் அடிபட்டு வந்தால் முன்பெல்லாம் ஆளுக்கொரு பக்கம் ஓடுவோம். நான்தான் தலைமைத் தாதியிடம் யோசனை சொன்னேன். ஒருத்தி மூச்சைப் பார்க்கட்டும், ஒருத்தி சேலைன் ஏற்றட்டும், ஒருத்தி இரத்தத்தை நிறுத்தட்டும். நான் தலைமாட்டில் நின்று, நோயாளி தமிழில் சொல்வதை எல்லோருக்கும் கேட்கும்படி சிங்களத்தில் சொல்கிறேன். சாவு குறைந்தது. கொழும்பிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதோடு மாட்டிக்கொண்டேன். புருஷனும் மகள் அஸ்னாவும் தூரத்தில், கல்முனையில். இடமாற்றம் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: "ஷம்ரா போனால் தோட்டத்து ஆட்களோடு யார் பேசுவது?" அஸ்னா என் மாமியை உம்மா என்கிறாள், என்னை மலை உம்மா என்கிறாள். பெற்ற வயிறு எரியாதா? இந்த ஏற்பாடு ஒரே ஒரு தடவை சறுக்கினால் என்னை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். நியாயமான யோசனைதான்.

லுணுகலைப் பாதையில் கொழுந்து லொறி புரண்ட அன்று, கொழுந்து பறிக்கும் பெரியாயியைக் கொண்டுவந்தார்கள். தொடை முறிந்திருந்தது. டாக்டர் வயிற்றை அழுத்தி, வலிக்கிறதா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"கால் கெடக்கட்டும் மிஸ். வயித்துக்குள்ள என்னமோ இறுகுது. தோளு வரைக்கும் ஏறுது."

"வயிற்றில் ஒன்றும் இல்லையாம், காலில்தானாம்," என்றேன் டாக்டரிடம், சிங்களத்தில்.

என் சொல்லை நம்பித்தான் மற்றவர்கள் வேலை செய்வார்கள், நானே பழக்கியது. அவளை விட்டுவிட்டு, அடிபட்ட வேறொருவரை ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். பெரியாயி என் கையைப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் தலையாட்டினேன், அன்பாகத்தான். பொழுது சாயுமுன் அடங்கிவிட்டாள். மண்ணீரல் கிழிந்திருந்தது.

விசாரணை வைத்தார்கள். அவள் புருஷன் வீரசிங்கத்துக்குச் சந்தைச் சிங்களம்தான் வரும். அந்த அறையில் அதுவும் வரவில்லை. மொழிபெயர்க்க என்னைத்தான் உட்காரவைத்தார்கள்.

"நான் பக்கத்துலதாங்க நின்னேன். வயித்துக்குள்ள வலிக்குதுன்னு அவ சொல்லிக்கிட்டே இருந்தா. இந்த மிஸ்ஸும் எடுத்துச் சொன்னாங்க. டாக்டர் ஏன் பாக்கல?"

விசாரணைத் தலைவர் என்னைப் பார்த்தார். அதை அப்படியே சொன்னால், மிஸ் அப்படிச் சொல்லவே இல்லையே என்று டாக்டர் என் பக்கம் திரும்புவார்.

"எல்லோரும் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள், குறை ஒன்றும் இல்லை என்கிறார்," என்றேன்.

ஏற்பாட்டில் பிழையில்லை, ஷம்ராவை எந்தக் காரணத்துக்கும் அங்கிருந்து மாற்றக்கூடாது என்று முடிவு சொன்னார்கள். நான் கணக்குப் போட்டது ஒன்று, நடந்தது ஒன்று.

வெளியே வீரசிங்கம் காத்திருந்தார்.

"நான் சொன்னத அப்படியே சொல்லிட்டீங்களா மிஸ்?"

"சொல்லிட்டேன் அண்ணே."

கையெடுத்துக் கும்பிட்டார். பாவம், அந்த ஆஸ்பத்திரியில் அவர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்க என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?