மாடி அறைக்குப் போன கேபிள்

நெட் கேபிள் முனையில் கனெக்டர் போடுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நகம் வெட்டத் தெரிந்தவருக்கு அதுவும் வரும். மேலுறையைக் கொஞ்சம் உரித்தால் உள்ளே எட்டு ஒயர்கள் இருக்கும். இரண்டிரண்டாக முறுக்கி, நான்கு ஜோடி. முறுக்கைப் பிரித்து, நீவி, வரிசையாக வைத்து, நுனியை ஒரே மட்டமாக வெட்டி, கனெக்டருக்குள் தள்ளி, கிரிம்பிங் டூல் என்ற இடுக்கியில் வைத்து ஓர் அழுத்து. கடக் என்று சத்தம் வரும். அவ்வளவுதான்.

நான் இதைப் பாடமாகப் படித்தவன் அல்ல. பட்டம் வாங்கியது புள்ளியியலில். ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். இழப்பீடு கேட்டு வரும் மனுக்களைப் படித்து, தர முடியாது என்றால் ஏன் தர முடியாது என்பதை மனம் நோகாமல் எழுத வேண்டும். பெரும்பாலும் தர முடியாது. என் மனைவி இறந்தபோது அவளுக்கான மனு மட்டும் என் பார்வைக்கு வரவில்லை. வேறு மேசைக்கு அனுப்பிவிட்டார்கள். மரியாதை தெரிந்த நிறுவனம்.

அவளுக்கு வெளியூரில் ஒரு வேலை கிடைத்தது. பயிற்சிக்குப் போனாள். போகும் வழியில், மழையில், பேருந்து பாலத்திலிருந்து இறங்கிவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் செய்ததற்குக் காரணம் கேட்பவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்.

வீடு என் மாமனாருடையது. அவள் போன பிறகும் நான் அங்கேயே இருந்தேன். போகச் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. எனக்கும் போக இடம் தோன்றவில்லை. கீழே கூடத்தை ஒட்டி என் அறை. மாடியில் என் மனைவியின் தங்கை. வீட்டில் அவளைக் குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். நிலப்படம் வரையும் படிப்பு படித்தவள். ஆறு எங்கே திரும்பும், எங்கே மணல் தள்ளும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுவாள். கையைக் கட்டிவிட்டால் அவளுக்குப் பேச்சு வராது.

அவள் வேலைக்கு விண்ணப்பித்த இடங்கள் எல்லாம் தூரத்தில். நேர்காணல் எல்லாம் வீடியோவில். வீட்டுச் சுவர்கள் கோட்டைச் சுவர் மாதிரி. கீழே இருக்கும் வைஃபை மாடிப்படி பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும். மொபைலில் ஒரு கோடு கிடைக்க மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிமேல் ஏற வேண்டும்.

"தொட்டி மேல ஏறி நின்னுக்கிட்டு வேலை கேட்டா, வேலை குடுக்க மாட்டான், தீயணைப்பு வண்டிதான் அனுப்புவான்" என்றார் மாமா.

"சும்மா பேசிட்டே இருக்காதீங்க. மாப்பிள்ளைகிட்ட சொன்னா ஏதாவது வழி பண்ணுவாரு" என்றார் அத்தை.

வழி பண்ணினேன். கேபிள் சுருள் ஒன்றும் கனெக்டர்களும் வாங்கி வந்து, படிக்கட்டை ஒட்டி, ஜன்னல் சட்டத்தில் துளை போட்டு, மாடி அறைவரை இழுத்தேன். இரண்டு முனையிலும் கனெக்டர் போட்டேன். கடைக்காரர் கொடுத்த டெஸ்டரில் மாட்டியதும் பச்சை விளக்கு ஒன்று முதல் எட்டுவரை வரிசையாக எரிந்து காட்டியது. அத்தை கைதட்டினார். மாமா இன்னொரு தடவை எரியவைக்கச் சொன்னார்.

அந்த முதல் முறை நான் செய்தது தவறு. தெரியாமல் செய்தது. அதை என் கணக்கில் சேர்க்கக் கூடாது.

என்ன தவறு என்று சொல்லிவிடுகிறேன். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று நான்கு நிறம். ஒவ்வொன்றுக்கும் வெள்ளைக்கோடு போட்ட ஒரு துணை. பார்க்கிறவன் யாராக இருந்தாலும் துணையைத் துணைக்குப் பக்கத்தில் வைப்பான். அதுதான் ஒழுங்கு என்று தோன்றும். ஆனால் முறை அது இல்லை. பச்சை ஜோடியை மட்டும் பிரித்து, நடுவில் நீல ஜோடியை நிறுத்த வேண்டும். அப்படி வைக்காவிட்டாலும் டெஸ்டர் எட்டு விளக்கையும் எரித்துவிடும். ஒயர் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகிறதா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். ஒழுங்காகப் போகிறதா என்பது தெரியாது. எழுதலாம், படிக்கலாம், தேடலாம், எல்லாம் வரும். முகமும் குரலும் சேர்ந்து போக வேண்டிய நேரத்தில் மட்டும் திணறும்.

குட்டி நேர்காணலுக்குப் பழக வேண்டும் என்றாள். நான் கீழே என் அறையில், அதிகாரி. அவள் மாடியில், விண்ணப்பதாரர்.

"சிரிக்கக் கூடாது அத்தான். நெஜ ஆபீசர் மாதிரி மூஞ்சிய வெச்சுக்கோங்க."

"என் மூஞ்சி எப்பவும் இப்படித்தான் இருக்கு."

"அதுவும் சரிதான்" என்றாள். பிறகு ஆற்றைப் பற்றி ஏதோ தொடங்கினாள். கையைத் தூக்கினாள். படம் நின்றுவிட்டது.

வாய் பாதி திறந்திருந்தது. இமை பாதி இறங்கியிருந்தது. குட்டி ஒரு நொடி சும்மா இருக்கிற பெண் இல்லை. அதனால் நான் அதுவரை கவனித்ததில்லை. அசைவை எடுத்துவிட்டால் அவளிடம் மிச்சம் இருப்பது அவள் அக்கா.

மாடியிலிருந்து படிக்கட்டு வழியாகக் குரல் வந்தது. "அத்தான், கேக்குதா? நின்னுடுச்சா? இருக்கீங்களா?"

நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு, "எல்லாம் நல்லா வருது, பேசு" என்றேன்.

முதல் நேர்காணலில் அவள் பேசியதில் பாதிதான் போய்ச் சேர்ந்தது. அவர்கள் நன்றி சொல்லி முடித்துக்கொண்டார்கள். அன்றைக்கே தேடிப் படித்தேன். பச்சையும் நீலமும் எப்படி நிற்க வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. என் அறையில் ரவுட்டரிலிருந்து என் மேசைக்கு வரும் கேபிளும் என் கையால் போட்டதுதான். அதை வெட்டி எறிந்துவிட்டு முறைப்படி போட்டேன். என் வேலைக்கு அது அவசியம். மாடிக்குப் போவதை அப்படியே விட்டேன்.

நான் எதையும் மறைக்கவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். கனெக்டர் கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே நிறங்கள் வரிசையாகத் தெரியும். கண் இருக்கிற யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்த்திருக்கலாம்.

இரண்டாவது நேர்காணலைக் கூடத்தில் வைத்தே பேசிப் பார்த்தாள். வைஃபை நன்றாக வந்தது. கூடவே மாமாவும் வந்தார், குளித்துவிட்டு, இடுப்பில் துண்டோடு, அதிகாரிகளுக்கும் மகளுக்கும் நடுவில். குக்கர் விசில் அடித்தது. அத்தை சமையலறையிலிருந்து, "யாருடி அது, பொம்பள குரலா இருக்கு, கல்யாணம் ஆனவங்களா?" என்று கேட்டார். அதில் எனக்குப் பங்கு இல்லை. அந்த வீட்டில் பங்கு கேட்காமலேயே எல்லோரும் அவரவர் வேலையைச் செய்தார்கள்.

என் அறையை அவள் கேட்கவில்லை. அக்காவின் படமும் துணிகளும் இருக்கும் அறை. வாசல்வரை வருவாள், சொல்ல வந்ததைச் சொல்வாள், போய்விடுவாள். நானும் உள்ளே வா என்று சொன்னதில்லை.

மூன்றாவதுதான் அவள் ஆசைப்பட்ட இடம். நிலப்படம் வரையும் நிறுவனம். ஆறுகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறதாம். அது கிடைத்தால் மூன்று பேரும் அந்த ஊருக்கே குடிபோய்விடலாம் என்று மாமா பேச ஆரம்பித்திருந்தார். மூன்று பேர் என்று அவர் சொன்னது கணக்குப் பிசகு இல்லை. மாமா கணக்கில் பிசகுகிறவர் இல்லை. "மாப்பிள்ளைக்கும் சின்ன வயசு. அவரும் அவர் வழியப் பாக்கணும்ல" என்றார் அத்தையிடம், நான் கேட்கும்படி.

அந்த நேர்காணலுக்கு முன்னால் குட்டி என்னிடம் வந்து, "எனக்கும் அந்த கனெக்டர் போட சொல்லித் தாங்க அத்தான். அங்க போய் யாரைக் கேப்பேன்?" என்றாள். கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன். உரிப்பது, நீவுவது, நுனி வெட்டுவது எல்லாம் முறைப்படி. வரிசை மட்டும் என்னுடைய பழைய வரிசை.

"எல்லாம் ஜோடி ஜோடியா வருதா? ஈஸியா இருக்கே. மறக்கவே மறக்காது."

"ஆமா. மறக்கக் கூடாதுன்னுதான் அப்படி வெச்சிருக்காங்க."

மாடிக் கேபிளின் பழைய முனைகளை அவளே வெட்டிப் போட்டுவிட்டு, புதியவற்றை அவளே அழுத்தினாள். கடக். எட்டு விளக்கும் எரிந்தன. "பாத்தீங்களா, என் கை ராசி" என்றாள். நேர்காணலில் படம் உறைந்தது. குரல் துண்டுதுண்டாகப் போனது. மாலையில் படியில் உட்கார்ந்து, "என் கைதான் ராசியில்ல போல" என்றாள். அழவில்லை. கையையும் ஆட்டவில்லை. நான் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வீடியோ இல்லாமலேயே அவள் அப்படி அசையாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். அவள் அந்த ஊருக்குப் போகக் கூடாது என்று செய்தேன். ஒருத்தி போனது போதும். இதில் தவறு காண்பவர்கள் பாலத்திலிருந்து இறங்கிய பேருந்தில் தங்கள் ஆள் யாரையும் அனுப்பாதவர்கள்.

அந்த நிலப்பட நிறுவனம் நல்லவர்களுடையது. இணைப்புக் கோளாறு என்பதால் இன்னொரு வாய்ப்பு தருகிறோம், இதுவே கடைசி என்றார்கள். மாமா என்னிடம் சொல்லாமல் நெட் கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டார். எனக்குத் தொந்தரவு தரக் கூடாது என்ற நல்ல எண்ணம். வந்தது ஓர் இளம்பெண். தோளில் பை, காதில் பென்சில். மாடியில் கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"யாரு போட்டது இது?"

"நான்தான்க்கா" என்றாள் குட்டி.

"வரிசை தப்பும்மா. டெஸ்டர் பாஸ்னு சொல்லும், படம் வராது. புதுசா கத்துக்கிறவங்க எல்லாரும் இப்படித்தான் போடுவாங்க."

மாமா சிரித்தார். "மேப்புல ஆறு போடத் தெரியுது, ஒயருல பச்சை போடத் தெரியலயே!"

குட்டி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அந்தப் பெண்ணிடம், "அத்தானுக்கே யாரோ அப்படித்தான்க்கா சொல்லிக் குடுத்திருப்பாங்க" என்றாள். எனக்காக வாதாடினாள். என் வேலையில் இப்படி ஒருவர் எந்த மனுதாரருக்கும் வாதாடி நான் பார்த்ததில்லை.

கீழ்முனையை மாற்ற அந்தப் பெண் என் அறைக்கு வந்தாள். ரவுட்டரில் மாட்டியிருந்த என் கேபிளை எடுத்துப் பார்த்தாள். பிறகு என்னை.

"இது சரியா இருக்கே சார்."

"கடையில போட்டுத் தந்தது."

"கடையில இவ்ளோ உறை உரிக்க மாட்டாங்க. அந்தப் பொண்ணும் இவ்ளோதான் உரிச்சிருக்கு. சொல்லிக் குடுத்த கையும் இதைப் போட்ட கையும் ஒண்ணு சார்." அவள் குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். வேலையை முடித்தாள். கூடத்துக்குப் போய், "ஒயர் மாறியிருந்துச்சு, சரி பண்ணியாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வீட்டு விஷயத்தில் தலையிடாத, நாகரிகம் தெரிந்த பெண்.

நேர்காணலுக்கு முன் குட்டி ஒருமுறை பழகிப் பார்க்கலாம் என்றாள். படம் நிற்கவே இல்லை. கை ஆடியது, முடி பறந்தது, ஆறு வளைந்தது. யாரோ ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். "போதும், நல்லா வருது" என்று முடித்துக்கொண்டேன்.

வேலை கிடைத்தது. அத்தை அழுதார். மாமா தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுச் சொன்னார். திங்கள்கிழமை வந்து சேர வேண்டும், வராவிட்டால் காத்திருப்பவருக்குப் போய்விடும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். பேருந்து வேண்டாம், ரயிலில் போகலாம் என்று முடிவானது. டிக்கெட் எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

"உங்க ரூம்லதான நெட் பறக்குது. நீங்களே போட்டுடுங்க மாப்பிள்ளை" என்றார் மாமா.

போட்டேன். உடனே போடவில்லை. ரயில்களில் இடம் குறைந்துகொண்டே வருவதைத் தினமும் பார்த்து வந்தேன். திங்களுக்குள் போய்ச் சேர்கிற எந்த வண்டியிலும் இடம் இல்லை என்று ஆன பிறகு, செவ்வாய் மதியம் போய்ச் சேர்கிற வண்டியில் மூன்று இருக்கை எடுத்தேன். நல்ல இருக்கைகள். இரண்டு ஜன்னலோரம். மாமாவிடம் போனில் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் பார்த்துவிட்டு, "நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்" என்றார். மாடியில் குட்டி பாடிக்கொண்டே பெட்டியில் துணி அடுக்குகிறாள்.

ஒரு நாள்தான் தாமதம். ரயில் பத்திரமாகப் போய்ச் சேரும். அவள் அங்கே போய், திரும்பி வருவாள். போகாதே என்று நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்த வீட்டில் யாரையும் எதற்கும் நான் கட்டாயப்படுத்தியதே கிடையாது.