சொல்லுப்பாறை

காதைக் குடுத்துக் கேளுங்க. இந்தக் கருங்கானல் மலைக்கு அப்ப ரோடு இல்ல, கழுதைப் பாதை மட்டும் இருந்துச்சு. அந்தக் காலத்துல ஒய்யம்மான்னு ஒருத்தி இங்க இருந்தாளாம். புருசன் செத்துப் போனவ. செவந்தின்னு ஒரே மக. கொஞ்சம் கோதுமைக் காடு. அந்தக் காடும் அந்த மகளுந்தான் அவளுக்கு.

அந்த வருசம் கோதுமையில கரி நோய் விழுந்துச்சாம். கதிரை நசுக்குனா உள்ள கரி. சும்மா கரியா? அழுகுன மீன் நாத்தம்! அடுப்புல வச்சா வீடே நாறும். அதைத் தின்னுக்கிட்டுக் கெடந்திருக்கு எங்க சனம். நெனச்சாலே குமட்டுது.

அப்பக் கீழேயிருந்து ஒரு விதைக்காரர் வந்தாராம். கழுதை மேல மூட்டை மூட்டையா புதுக் கோதுமை. எல்லாம் நீலமா இருந்துச்சாம், நோய் வராம இருக்க மயில்துத்தம் பூசுன விதை. "இதைப் போடுங்க, கரி வராது"ன்னாராம். பெரியவங்க, "நம்ம விதையே போதும்"னாங்களாம். சின்னவங்க, "இந்த நாத்தத்தையா இன்னும் தின்னணும்?"னு சண்டை போட்டாங்களாம். ஒய்யம்மா சின்னவங்க பக்கம். புது விதையை மொதல்ல வாங்குனதே அவதானாம். அதையும் சொல்லிப்புடணும்.

விதைக்காரர் ஊர்த் தலைவர் மன்னாடியைத் தனியா கூப்புட்டு, "துத்தம் விசம். தின்னுறக் கூடாதுன்னு சனத்துக்கிட்ட சொல்லிருங்க"ன்னு காதுல சொன்னாராம். கூடவே ஒரு கம்பளிக் கோட்டையும் மாட்டிவிட்டாராம். ஏன்யா, ஊரைக் கூட்டி நீயே சொன்னா என்ன? வாயில கொழுக்கட்டையா? மன்னாடி என்ன பண்ணுனாரு? விசம்னு சொன்னா எவன் வாங்குவான், விக்கலேன்னா விதைக்காரன் கோட்டைத் திருப்பிக் கேப்பானேன்னு, "அது சாயம், மூட்டை மாறாம இருக்கப் பூசுனது"ன்னுட்டாராம். ஒரு கோட்டுக்காக! த்தூ!

விதைச்சது போக மிஞ்சுனதைக் கஞ்சி வைக்கிறது எங்க ஊரு வழக்கம். மழை மாசம், வீட்டுல வேற ஒண்ணும் இல்ல. ஒய்யம்மா விதையை ஓடையில அலசுனா, அலசுனா, நீலம் போற மட்டும் அலசுனா. காச்சி, மகளுக்கு மொதல்ல ஊத்துனா. பிள்ளைக்குத்தானே மொதல்ல ஊத்துவோம்? "ஆத்தா, நாக்குல செம்புக் காசு வச்ச மாரி இருக்கு"ன்னுச்சாம் பிள்ளை. "புது விதை அப்படித்தான் இருக்கும், குடி"ன்னாளாம் இவ. பிள்ளை பச்சை பச்சையா வாந்தி எடுத்துச்சாம். பொழுது சாயறதுக்குள்ள போயிருச்சு. வேற வீடுகள்லயும் வாந்திதான், அவங்க எப்படியோ பொழச்சுக்கிட்டாங்க. ஓடைக்கு அந்தாண்ட இருக்கிற மேட்டுல செவந்தியைப் புதைச்சாங்களாம்.

ஆனா கோதுமை? அமோகமா விளைஞ்சுச்சு. கரி இல்ல, நாத்தம் இல்ல. அறுப்பு முடிஞ்சு விதைக்காரர் மறுபடி வந்தாரு. மன்னாடி கோட்டைப் போட்டுக்கிட்டு நிக்கிறாரு. மாலை, மேளம், பொங்கல். பிள்ளை செத்த ஊருல பொங்கல்! அதையும் வழிச்சுத் தின்னாங்களாம் எங்க பாட்டன்மாரு. சொல்லவே வாய் கூசுது.

ஒய்யம்மா கூட்டத்துக்கு நடுவுல வந்து நின்னாளாம். "அய்யா, விதை நல்ல விதைதான். நான் இல்லேங்கல. அடுத்த வருசமும் போடுவேன். தின்னா சாவாங்கன்னு ஏன்யா சொல்லல?"

விதைக்காரருக்கு மூஞ்சி செத்துப்போச்சு. "மன்னாடிகிட்ட அன்னிக்கே சொன்னேனேம்மா!"

ஊரே திரும்பி மன்னாடியைப் பாத்துச்சாம். மன்னாடி சொன்னாராம், "விதையை எவளாச்சும் திம்பாளா? வக்கத்த கழுதைக்குப் பேச்சைப் பாரு."

ஒய்யம்மா அழுகல. போயி இந்தப் பாறைகிட்ட கழுதைப் பாதையை மறிச்சு உக்காந்துட்டா. பொம்பளைங்க எல்லாரும் அவ பின்னாடியே போயி உக்காந்துட்டாங்க. "அன்னிக்குக் காதுல சொன்னீரு. இன்னிக்கு இந்தப் பாறை மேல ஏறிச் சொல்லிட்டுப் போம்"னாளாம்.

விதைக்காரர் ஏறுனாரு. "தின்னா செத்துருவீங்க"ன்னு முனகுனாரு. ஒய்யம்மா எந்திரிச்சு ஓடையைத் தாண்டிப் போயி, மகளைப் புதைச்ச மேட்டுல நின்னுக்கிட்டு, "கேக்கல"ன்னாளாம். திரும்பச் சொன்னாரு. "கேக்கல." கத்துனாரு. "கேக்கல." தொண்டை கிழிய அலறுனாராம், "இது விசம்! தின்னா செத்துருவீங்க!" அப்பத்தான் அவ, "கேட்டுச்சு"ன்னாளாம்.

மன்னாடி ஏறவே இல்ல. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாராம், மானங்கெட்ட மனுசன்.

அதான் இந்தப் பாறைக்குச் சொல்லுப்பாறைன்னு பேரு. இன்னிக்கும் விதையோ மருந்தோ மிசினோ எவன் கொண்டாந்தாலும், இதுல ஏறி நின்னு அதோட கெடுதலைக் கத்தணும். செவந்தி மேட்டுல ஒரு பொம்பளை நின்னு கேப்பா. அவ கேட்டுச்சுன்னு சொன்னாத்தான் யாவாரம்.

போன மாசம் ஒருத்தன் மருந்தடிக்க ட்ரோன் கொண்டாந்தான். நல்ல சாமான், எனக்குப் பிடிச்சுத்தான் இருந்துச்சு. பாறை மேல ஏறி, "முழுக்க சேஃப்புங்க!"ன்னு சிரிச்சுக்கிட்டே கத்துனான். எங்க எல்லாருக்கும் நல்லாக் கேட்டுச்சு. மேட்டுல நின்ன என் மருமக மட்டும், "கேக்கல"ன்னா. "சேஃப்புங்க!" "கேக்கல." வெயில் ஏறுது, அவனுக்குச் சிரிப்பு நின்னுபோச்சு. கடைசியா கத்துனான், "காத்தடிச்சா மருந்து ஓடையில விழுகும்! அந்தத் தண்ணியைப் பிள்ளைகளுக்குக் குடுக்காதீங்க!"

"கேட்டுச்சு"ன்னா என் மருமக.