மச்சினன் மாட்டின ரேடியேட்டர்

...இல்லீங்க, நீங்களே யோசிச்சுப் பாருங்க. அலுமினியம்னா எதுக்கு? பால் காய்ச்ச, வெந்நீர் போட! சூடாகறதுக்குன்னே பொறந்த சாமானைக் கொண்டாந்து ஜீப்பைக் குளிர வைக்க மாட்டுறான்னா, அவன் மண்டைக்குள்ள என்ன இருக்கும்? வேணாம் வேணாம், வாயத் தொறக்காதீங்க. அந்த வீங்கின கன்னத்தை வச்சுக்கிட்டு உங்களால பேச முடியாது. கடைவாய்ப் பல்லா? ஆங், தலையை மட்டும் ஆட்டுங்க, போதும்.

உள்ள நர்ஸம்மாகிட்ட கைக்குக் கட்டு போட்டுக்கிட்டிருக்கான் பாருங்க, அவன்தான் என் மச்சினன். வீட்டுக்காரியோட தம்பி. மெக்கானிக். சொந்தமா ஷெட் வச்சிருக்கான். சும்மா சொல்லக் கூடாது, வேலை சுத்தம். ஆனா வாய்? ஒரு வார்த்தை கேட்டா அரை வார்த்தைதான் வரும். நம்மால அப்படி இருக்க முடியுங்களா? நான் இருக்க மாட்டேங்க.

என் ஜீப்பு பழசு. நாலு சக்கரமும் இழுக்கற வண்டி. சேறு, பாறை, ஆத்து மணல்... எங்க விட்டாலும் எருமை மாதிரி முக்கிக்கிட்டே ஏறிடும். அதுல இஞ்சின் தண்ணியை ஆற வைக்கற ரேடியேட்டரு பித்தளை. பத்து எடத்துல ஒழுகும், பத்து எடத்துலயும் ஈயம் வச்சு அடைச்சிருக்கும். இருந்தாலும் பித்தளைங்க! தட்டினா ‘ணங்’னு ஒரு சத்தம் வரும். இவன் பாத்துட்டு, "மாமா, இது செத்துப்போச்சு, அலுமினியத்துல புதுசு வருது, போட்டுக்கலாம்"னான். என் வீட்டுக்காரி ஒடனே, "தம்பி சொன்னா கேளுங்க"ன்னா. முப்பது வருஷமா நான் சொன்னதுக்கு அவ ஒரு நாள் தலையாட்டினது கிடையாது... அது வேற கதை. சரி, போட்டாச்சு.

வந்தது மூணு விரக்கடை தடிமன். பழசு ஒல்லி. அதனால இஞ்சினோட சேந்து சுத்தற ஃபேனுக்கு எடமில்லாமப் போச்சு. அதைக் கழட்டிட்டு, பாட்டரியில ஓடற ஃபேனா வாங்கி ரேடியேட்டருக்குப் பின்னாடி வச்சான். முன்னாடியிலேருந்து காத்தை உள்ள இழுக்கணும், அவ்வளவுதான் அதோட வேலை. வயர் குடுக்க வந்தான். நான் விடுவனா? "தள்ளுடா"ன்னேன். முப்பத்தொரு வருஷம் வயர்மேன் வேலை பாத்தவங்க நான்! அதோ அந்த சுவிட்ச் போர்டு கோணலா நிக்குது பாருங்க. எவனோ தூங்கிக்கிட்டே மாட்டியிருக்கான். நமக்கெல்லாம் அதைப் பாத்தாலே எந்திரிச்சுப் போய் நேராக்கணும்னு தோணும்.

அன்னிக்கு ஆரம்பிச்சதுங்க ஏழரை. ஷெட்ல நின்னா வண்டி பச்சப் புள்ள. சூடு காட்டற ஊசி நடுவுல உக்காந்துக்கிட்டு அசையாது. ரோட்டுல நாலு கிலோமீட்டர் போனா போதும், ஊசி செவப்புல, பானெட்டு மேல புகை! ஆறு மாசம். அவனும் மூடியை மாத்தினான், பம்பை மாத்தினான், உள்ள காத்து அடைச்சிருக்கும்னு நாள் பூரா தண்ணியை ஊத்தி ஊத்திக் குமிழி எடுத்தான். ஒரு நாள் மெதுவா, "மாமா, நின்னா ஒண்ணுமில்ல, ஓடினாதான் ஏறுது. ஃபேன் வயரை ஒரு தடவை பாக்கட்டுமா?"ன்னான்.

வந்துச்சே கோவம்! "வயருக்கு மேல கை வச்சே, கையை முறிச்சுப்புடுவேன்"னேன். அதோட விட்டனா? தெருவுல ஒருத்தர் பாக்கியில்லாம சொல்லியிருக்கேன். பால்காரர்கிட்ட, எதுத்த வீட்டு வாத்தியார்கிட்ட, ஷெட்டுக்கு வண்டி விட வந்தவங்ககிட்டயே, "இவன்கிட்ட குடுக்காதீங்க, வேகவச்சுக் குடுப்பான்"னு. ரெண்டு பேரு வண்டியைத் திருப்பிட்டே போனாங்க. அவன் பாத்துக்கிட்டே ஸ்பானரைத் தொடைச்சுக்கிட்டு நின்னான். ஏன் மாமான்னு கேட்டுத் தொலைச்சிருக்கலாமில்ல?

என் வீட்டுக்காரி இன்னிக்குக் காலைல, "ரெண்டு பேரும் ஒரே வண்டியில ஏறுங்க, நானும் வரேன், எவன் மேல தப்புன்னு நானே பாக்கறேன்"னா. பெரிய ஜட்ஜ் அம்மா! கல்குவாரி மேட்டுக்குப் போனோம். பாதி ஏத்தம், ஊசி செவப்பு, புஸ்ஸுன்னு ஆவி. எனக்கு சந்தோஷம் தாங்கல. சத்தியமாங்க, சொந்த வண்டி கொதிக்குது, நான் சிரிக்கறேன். "பாத்தியாடி உன் தம்பி லட்சணத்தை"ன்னு எறங்கி, துண்டைச் சுத்திக்கிட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போயிட்டேன். "மாமா, ஆறட்டும்!"ங்கறான். "பயந்தா தள்ளி நில்லுடா"ங்கறேன். பாதித் திருகு திரும்பிடுச்சு. அவன் பாஞ்சு வந்து, என் நெஞ்சுல ஒரு தள்ளு. நான் பின்னாடி விழறேன். மூடி பறக்குது. தண்ணி அத்தனையும் அவன் முழங்கையிலேருந்து மணிக்கட்டு வரைக்கும்...

என் மூஞ்சிக்கு வந்ததுங்க அது.

...ம். என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங். அவ கேன்ல இருந்த பச்சத் தண்ணியை அவன் கைமேல ஊத்திக்கிட்டே அழறா. அவன் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கறான். நான் என்ன பண்றதுன்னு தெரியாம வண்டிக்கு முன்னாடி போய் நின்னேன். ஃபேன் ஓடிக்கிட்டே இருக்கு. கால்ல சூடா காத்து அடிக்குது. காத்து உள்ளதானே போகணும், வெளிய எதுக்கு வருதுன்னு, ஜோப்புல இருந்த கர்ச்சீஃபை எடுத்து முன் கம்பிமேல வச்சேன். ஒட்டிக்கணும் இல்லையா? பறந்து என் மூஞ்சியிலயே விழுந்துச்சுங்க!

கிட்ட வாங்க, சத்தமா சொல்ல முடியாது. செவப்பு வயரையும் கருப்பு வயரையும் மாத்திக் குடுத்திருக்கேன். ஃபேன் ஆறு மாசமா தலைகீழா சுத்திக்கிட்டிருக்கு. நின்னா எப்படியோ சமாளிச்சுக்கும். ஓடினா எதிர்க்காத்தும் ஃபேன் காத்தும் முட்டிக்கிட்டு நிக்கும், ரேடியேட்டரு பாவம் என்ன பண்ணும்? முப்பத்தொரு வருஷம்! சின்னப் புள்ள பொம்மைக் காருக்குக் கூட இப்படிக் குடுக்காது.

அவங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பியிருந்தாங்க. சட்டுன்னு ரெண்டு வயரையும் மாத்திட்டு, ஆறினதும் கேன்ல மீதி இருந்த தண்ணியை ஊத்தி, ஓட்டிக்கிட்டு வந்தேன். இங்க வர்ற வரைக்கும் ஊசி நடுவுலயே உக்காந்திருக்கு. அந்த வலியிலயும் அவன் எட்டிப் பாத்து, "ஊசி ஏறவே இல்லையே மாமா?"ன்னான். "இன்னிக்குக் காத்து குளிர்ச்சியா இருக்குடா"ன்னேன். மண்டையைப் பொளக்கற வெயிலுங்க!

இப்ப என்ன பண்றது சொல்லுங்க? நான் வாயை மூடிக்கிட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. அலுமினியமே அப்படித்தான், போகப் போக சரியாகிடும்னு... என்ன எந்திரிக்கறீங்க? உங்க நம்பர் வரலையே! பல்லு டாக்டர் மாடியில... ஹலோ! போயிட்டாரு. வலிக்குதுன்னாரு, ரெண்டு ரெண்டு படியா ஏறிப் போறாரு!

வாடா. கட்டு போட்டாச்சா? எரியுதா? கொப்புளம் வந்துருச்சா? காட்டு... வேணாம், காட்டாத. ஒக்காரு. ஒண்ணு சொல்லணும். அந்த ஃபேன் வயரு... நான்தான்டா மாத்திக் குடுத்தேன். செவப்பு, கருப்பு. ஆமாம், ஆறு மாசமா. என்னடா சிரிக்கறே? கையை ஆட்டாத, கட்டு அவுந்துரும்! திட்டிட்டாவது சிரிடா...

சரி, நாளைக்கு நான் ஷெட்டு வாசல்ல வந்து நிக்கறேன். எவன் எவன்கிட்ட என்னென்ன சொன்னனோ, அத்தனை பேர்கிட்டயும் நானே சொல்றேன். பால்காரர்கிட்ட மொதல்ல. உங்கக்காகிட்டயா? நீ சொல்லாத. நானே சொல்றேன், நீ பக்கத்துல மட்டும் நில்லு.

அதோ மருந்து வாங்கிட்டு வர்றா. ஏய், இங்க வா... இரு இரு, அந்தக் குடையை மொதல்ல கீழ வச்சுட்டு வா.