ஆறாவது எபிசோடு வரை

அமீர்பேட்டை நெருங்கிக்கொண்டிருந்த மெட்ரோவில், எனக்கு எதிரே இரண்டு பெண்கள்.

“அந்த ஜப்பான் நடிகன் சீரியலை விட்டுட்டு நாடக மேடைக்கே போயிட்டானாம், வசந்தாக்கா. இனிமே அவனை எங்க பாப்பேன்?”

“நக்கோ மெர்சி, வேணாம், அழாதே. பழைய சீரியலைப் போட்டுப் பாரேன்.”

“ஏழாவது எபிசோடுல செத்துடுவான்க்கா. நான் ஆறோட நிறுத்திடுவேன். மூஞ்சி அப்படியே எம் புள்ள சாம்தான்.”

“சாம் போயி மூணு வருஷமாச்சுடி.”

வளைவில் ரயில் சாய்ந்தது. உரசிய இரண்டு தோள்களும் பிறகு விலகவில்லை.

நிலையம் வந்ததும் மெர்சி எழுந்தாள்.

“வீடு போகலையா?”

“இங்க ஜப்பான் பாஷை சொல்லித் தர்றாங்களாம். அவனுக்கு ஒரு லெட்டர் போடணும்.”

“என்னன்னு?”

“மேடையிலயாவது சாகற வேஷம் நக்கோன்னு.”