கொர்வெட்டில் போகும் தலைப்பா

"தோழியை டிக்கியிலை ஏத்திக்கொண்டு போற மாப்பிள்ளையை நான் எங்கையும் காணேல்லை."

பாரிஸ் லா ஷப்பலில், பூக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் தம்பியிடம் சொன்னார். நாளைக்குத் தம்பிக்குக் கல்யாணம். தோழியாக அவருக்குப் பக்கத்தில் வரவேண்டியவர் இந்த அக்காதான்.

"முதலாளி தன்ரை பழைய கொர்வெட் காரைத் தாறார் அக்கா. அமெரிக்காவிலை முதல் செய்த நாளிலை இருந்து அதுக்கு ரெண்டு சீட்தான். அதுதான் அதின்ரை வடிவு."

"ஒண்டிலை நீ, மற்றதிலை ஓட்டுறவர். நான்?"

"நானே ஓட்டுறன். நீங்கள் பக்கத்திலை இருங்கோ."

"தலைப்பாவோடையோ? கூரை இடிக்கும்."

"கூரையைத் திறக்கலாம்."

"திறந்தால் நீ மண்டபத்திலை நிப்பாய், தலைப்பா பறந்துபோய் ஸ்டாலின்கிராட் மெற்றோவடியிலை கிடக்கும்."

"சின்னனிலை இருந்து ஆசை அக்கா."

"ஆர் வேண்டாமெண்டது? முதலாளி ஓட்டட்டும், பக்கத்துச் சீட்டிலை தலைப்பா வரட்டும். நீ என்னோடை அத்தான்ரை மரக்கறி வானிலை வா."

அதற்குள் அவர்களுடைய முறை வந்துவிட்டது.

"என்ன காருக்குத் தம்பி பூ?" என்று கடைக்காரர் கேட்டார்.

தம்பி அக்காவை ஒருதரம் பார்த்தார்.

"வான் அண்ணை. பெரிசாக் கட்டுங்கோ. பக்கத்திலை வெங்காயப் படம் கீறிக் கிடக்கு, அது மறையோணும்."